எந்தச் சுவரைத் தொடப் போகிறீர்கள்?

கேள்வி: கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கிறோம். எனக்கு 36 வயது. திருநெல்வேலியில் பி.காம். முடித்து, கல்யாணத்துக்கு முன் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா. கணவரின் ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போட்ட மனு, போன வருடம் அப்ரூவ் ஆனது. நான் இன்னும் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கவில்லை. சின்னவனும் இப்போது பள்ளிக்குப் போகிறான். வீட்டை மாற்றி மாற்றி அமைப்பதில் சின்ன வயதிலிருந்தே ஆசை. கம்யூனிட்டி காலேஜில் இன்டீரியர் டிசைன் படிக்கலாமா என்று பார்க்கிறேன். கணவரோ, "டிகிரி முடித்தவள் மறுபடி ரெண்டு வருஷப் படிப்பா? படிப்பதென்றால் பெரிய டிசைன் ஸ்கூலில் படி, இல்லாவிட்டால் ஆன்லைனில் ஆறு மாத சர்டிஃபிகேட் போதும்" என்கிறார். அதே காலேஜில் ஆர்கிடெக்சர் வகுப்புகளும் இருக்கின்றன. எதை எடுப்பது? எனக்குப் படம் வரைய வராது. இதை நம்பிப் படித்தால் வேலை கிடைக்குமா?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் உங்கள் கை எதைத் தொட நினைக்கிறது? திரைச்சீலையையா, சமையல் மேடையையா, சுவரையா? சுவர் என்றால் எந்தச் சுவரை?

எந்தப் படிப்பு, எத்தனை வருடம், எந்தப் பரீட்சை என்பதெல்லாம் இதிலிருந்துதான் பிரிகின்றன. பெயின்ட், திரை, சோபா, விரிப்பு, விளக்கு என்று நிறுத்திக்கொண்டால் அது அலங்காரம். அதற்குப் பட்டமும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். இன்டீரியர் டிசைன் அடுத்த படி. சமையலறையையும் குளியலறையையும் முழுதாகப் பிரித்து அமைப்பது, பாரம் தாங்காத தடுப்புச் சுவரை எடுப்பது அல்லது எழுப்புவது, எந்த விளக்கு எந்த ஸ்விட்சில் என்று வரைவது, ஓர் அலுவலகத்தில் தீப்பிடித்தால் எல்லோரும் எந்த வழியாக வெளியேறுவார்கள் என்று கணக்குப் பார்ப்பது, இதெல்லாம் அதில் வரும். கூரையின் பாரத்தைச் சுமக்கிற சுவர், அஸ்திவாரம், கட்டடத்தின் உருவம் என்று போனால் அது ஆர்கிடெக்சர்.

நம் ஆட்கள் இங்கே வீடு வாங்கியதும் முதலில் கேட்பது, சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிடலாமா என்றுதான். பல வீடுகளில் மேல்தளத்தின் மரச்சட்டங்கள் அந்தச் சுவரின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். அதை எடுக்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து உத்தரத்தின் அளவு சொல்ல வேண்டும், நகராட்சியில் பெர்மிட் வாங்க வேண்டும். நல்ல இன்டீரியர் டிசைனர் அந்த இடத்தில் நிறுத்தி இன்ஜினியரைக் கூப்பிடுவார். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதற்காகவே படிக்கலாம் என்பேன்.

கலிஃபோர்னியா சட்டம் இதில் கொஞ்சம் தாராளமானது. தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமும் உள்ள, வழக்கமான மரச்சட்டக் கட்டுமான வீட்டுக்கு, ஆர்கிடெக்ட் லைசென்ஸ் இல்லாதவரும் வரைபடம் போடலாம். கட்டடத்தின் உறுதியையும் பாதுகாப்பையும் பாதிக்காத உள்மாற்றங்களும் அப்படியே. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் "ஆர்கிடெக்ட்" என்று மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது, அது குற்றம்.

சரி, உங்கள் கணவர் சொன்னதுக்கு வருகிறேன். ஊரில் டிகிரிக்குப் பிறகு டிப்ளமோ என்றால் இறங்குமுகம் என்று நினைப்பது வழக்கம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், என் வீட்டிலும் அதே பேச்சு நடந்தது. நான் 31 வயதில் இப்படி ஒரு கல்லூரியில்தான் சேர்ந்தேன். என் வகுப்பில் ஒரு நர்ஸ் இருந்தார், இருபது வருடம் தச்சு வேலை பார்த்தவர் இருந்தார், பேரன் எடுத்த பிறகு படிக்க வந்த அம்மா இருந்தார். சொல்லிக்கொடுத்தவர்களில் பாதிப் பேர் பகலில் சொந்த ஆபீஸ் நடத்திவிட்டுச் சாயங்காலம் பாடம் எடுக்க வந்தவர்கள். அன்று காலை சைட்டில் நடந்த தகராறு அன்று மாலை எங்களுக்குப் பாடமாகும். அப்படி ஒரு வகுப்பு வேறெங்கும் எனக்கு வாய்த்ததில்லை.

கணக்குப் படித்தவர் நீங்கள், கணக்கையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. பாடத்தின் அளவை இங்கே யூனிட் என்று கணக்கிடுவார்கள்; மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். 2012லிருந்து அதே கட்டணம். அறுபது யூனிட்டுக்கு 2,760 டாலர். புத்தகம், பொருள்கள் தனி. தனியார் டிசைன் ஸ்கூலில் ஒரே வருடத்துக்குப் பல பத்தாயிரம் டாலர் ஆகிவிடும். மாநிலவாசி இல்லை என்று பதிவானால் கம்யூனிட்டி காலேஜிலும் யூனிட்டுக்குச் சில நூறு டாலர் கூடும். எச்-4இல் இருப்பவர் ஒரு வருடத்துக்கு மேல் இங்கே குடியிருந்து அதைக் காகிதத்தில் காட்டினால் மாநிலவாசிக் கட்டணம் கிடைக்கும். ஆறு வருட வாடகை ஒப்பந்தம், வரி தாக்கல், டிரைவிங் லைசென்ஸ் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு போங்கள்.

உங்கள் பக்கத்திலேயே சாரடோகாவில் வெஸ்ட் வேலி காலேஜ் இருக்கிறது. அங்கே இன்டீரியர் டிசைன், ஆர்கிடெக்சர் இரண்டும் உண்டு. ரெட்வுட் சிட்டியில் கன்யாடா காலேஜ். கிச்சன், பாத் வடிவமைப்புக்கென்றே அங்கே தனிப் பாடத்திட்டம் உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ் தினமும் போய்வரத் தூரம்.

காலேஜின் பெயரைவிட, எத்தனை யூனிட் இன்டீரியர் டிசைன் பாடம் படித்தீர்கள் என்பது முக்கியம். இந்த நாட்டில் இத்தொழிலுக்கான பெரிய பரீட்சை என்சிஐடிக்யூ. மூன்று பகுதிகள். அதை எழுதத் தகுதி இரண்டு எண்களில் இருக்கிறது: படித்த யூனிட், வேலை பார்த்த மணி நேரம். அறுபது செமஸ்டர் யூனிட் இன்டீரியர் டிசைன் பாடம் இருந்தால் 3,520 மணி நேரம் வேலை அனுபவம் வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு வருட முழுநேர வேலை. நாற்பது யூனிட்தான் இருக்கிறது என்றால் 5,280 மணி நேரம், மூன்று வருடம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டு வருட அசோசியேட் டிகிரியில் மொத்தம் அறுபது யூனிட் இருக்கும். ஆனால் அதில் ஆங்கிலம், கணிதம், வரலாறு என்று பொதுப் பாடம் ஒரு பெரும் பகுதியைத் தின்றுவிடும். சர்டிஃபிகேட் என்று கொடுப்பதில் முப்பது சொச்சம் யூனிட்தான் இருக்கும். உங்களிடம் ஏற்கெனவே பி.காம். இருக்கிறது. அதை இங்குள்ள மதிப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கொடுத்துச் சான்று வாங்கி, பொதுப் பாடங்களிலிருந்து விலக்குக் கிடைக்குமா என்று காலேஜில் கேளுங்கள். மிச்சமாகிற இடத்தையெல்லாம் டிசைன் பாடத்தால் நிரப்புங்கள். செமஸ்டருக்குப் பதில் குறுகிய பருவங்கள் வைக்கும் குவார்ட்டர் முறைக் காலேஜ் என்றால் அறுபது செமஸ்டர் யூனிட் தொண்ணூறு குவார்ட்டர் யூனிட்டுக்குச் சமம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கலிஃபோர்னியாவுக்கென்று "சர்டிஃபைட் இன்டீரியர் டிசைனர்" என்று தனிச் சான்றும் உண்டு; படிப்பும் அனுபவமும் சேர்த்துக் காட்டி ஐடெக்ஸ் என்ற பரீட்சை எழுத வேண்டும். கட்டாயம் கிடையாது. ஆனால் அது இருந்தால் பாரம் சம்பந்தப்படாத வரைபடங்களில் உங்கள் முத்திரையைக் குத்திப் பெர்மிட்டுக்குக் கொடுக்கலாம். இதை நான் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம்.

ஆறு மாத ஆன்லைன் சர்டிஃபிகேட் இந்தக் கணக்கு எதிலும் சேராது. நிறம், துணி பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். ஆனால் அங்கே கிடைக்காத ஒன்றை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

இரண்டாவது செமஸ்டரில் ஒரு சமையலறை வரைந்துகொண்டு வரச் சொன்னார்கள். மூன்று இரவு உட்கார்ந்து வரைந்தேன். எல்லோருடைய தாளையும் சுவரில் குத்தி, ஒவ்வொன்றாக முன்னால் நின்று பேசுவார்கள். க்ரிட் என்று பெயர். என் முறை வந்தது. ஆசிரியை நிறத்தைப் பார்க்கவில்லை, நான் பெருமையாக வைத்திருந்த ஜன்னலோர மேடையைப் பார்க்கவில்லை. மேடை திரும்புகிற மூலையில் விரலை வைத்து, "இந்த இழுப்பறையைத் திறங்கள்" என்றார். பார்த்தேன். மூலையின் இரண்டு பக்கமும் இழுப்பறை வைத்திருந்தேன். ஒன்றை இழுத்தால் அது இன்னொன்றின் கைப்பிடியில் இடிக்கும். இரண்டையும் பாதிதான் திறக்க முடியும். மூலையில் இரண்டு பக்கமும் மூன்று அங்குலப் பட்டை ஒன்று விட்டிருந்தால் போதும். அறை முழுக்கப் பேர் இருந்தார்கள், எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை நான் வரைகிற ஒவ்வொரு கதவையும் ஒவ்வொரு இழுப்பறையையும் மனதுக்குள் ஒரு தடவை திறந்து மூடிப் பார்க்காமல் தாளைக் கொடுத்ததில்லை. கேபினட் ஆர்டர் போய், பொருள் வந்து இறங்கிய பிறகு அது தெரிந்திருந்தால் வாடிக்கையாளருக்கு எத்தனை ஆயிரம் டாலர் நஷ்டம்! அந்த விரல் எனக்குக் கிடைத்தது வகுப்பறையில்தான்.

படம் வரைய வராது என்றீர்களே, அது இங்கே தடையே இல்லை. ஸ்டுடியோ என்கிற செய்முறை வகுப்பில் கற்றுத்தருவது அளவு பார்த்துப் போடும் வரைபடம். முக்கோண ஸ்கேல் ஒன்று கொடுப்பார்கள்; அதில் கால் அங்குலத்தை ஓர் அடியாகக் கொண்ட விளிம்பு ஒன்று உண்டு, வீட்டு வேலைக்கு அதுதான் பெரும்பாலும். பென்சிலைக் கோட்டின் நெடுக மெதுவாக உருட்டிக்கொண்டே இழுக்க வேண்டும். அப்போதுதான் முனை ஒரு பக்கமாகத் தேயாமல் கோடு கடைசிவரை ஒரே கனத்தில் வரும். வெட்டுப்படுகிற சுவருக்குக் கனமான கோடு, மேசை நாற்காலிக்கு அதைவிட மெல்லியது, தரை ஓட்டின் கட்டங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்கு மெல்லியது. முதல் மாதம் இதற்கே போய்விடும். கோலமாவை விரலிடுக்கில் விட்டு ஒரே கனத்தில் இழை இழுத்துப் பழகிய கைக்கு இது சீக்கிரம் வசப்படும். பிறகு ஆட்டோகேட், ரெவிட், ஸ்கெட்ச்அப் என்ற வரைபட மென்பொருள்கள் வரும். முதல் இரண்டும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்துடையவை, மாணவர்களுக்கு இலவசம். ரெவிட் விண்டோஸில்தான் ஓடும், அதனால் ஆசைப்பட்டு மேக் வாங்கிவிட வேண்டாம்.

அப்புறம் எண்கள். சமையல் மேடை 36 அங்குல உயரம். ஒருவர் சமைக்கிற இடத்தில் நடைவழி 42 அங்குலம், இருவர் என்றால் 48. சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 60 அங்குல வட்டம், உள்ளே நுழையக் கதவு திறந்தால் 32 அங்குல வழி. மனப்பாடம் செய்வது கடினமில்லை. ஏன் இந்த அளவு என்று கேட்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது. ஆறு மாதம் தங்க வருகிற அம்மாவுக்கு மூட்டு வலி, கையில் ஊன்றுகோல். அவர் உங்கள் வீட்டுக் குளியலறையில் எப்படித் திரும்புவார்? 36 அங்குல மேடைமேல் கிரைண்டரை வைத்து மாவு அள்ளிப் பாருங்கள், தோள்பட்டை சொல்லும் அது எத்தனை அங்குலம் தாழ வேண்டும் என்று. அடுப்புக்கு மேலே மைக்ரோவேவோடு சேர்ந்து வரும் விசிறி, பல அபார்ட்மென்டுகளில் தாளிப்புப் புகையை வடிகட்டித் திரும்பச் சமையலறைக்குள்ளேயே விடுகிறது. குழாய் வைத்து வெளியே கொண்டு போக வழி இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த டிசைனருக்கு இந்த ஊரில் நிறைய வேலை உண்டு. ஆனால் நம்மவர்களின் சமையலறையும் பூஜை அறையும் மட்டுமே என்று சுருங்கிவிடாதீர்கள். அலுவலகம், கிளினிக், உணவகம் வரைந்து பழகுங்கள். தொழில் அங்கேதான் விரியும்.

ஆர்கிடெக்சரா, இன்டீரியரா என்று இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. இரண்டுக்கும் தொடக்கத்தில் வரைபட வகுப்பு இருக்கும். முதல் செமஸ்டரில் அதையும் இன்டீரியர் டிசைன் அறிமுக வகுப்பையும் எடுங்கள். ஆர்கிடெக்சர் என்றால் பாதை நீளம்: இங்கிருந்து கால் பாலி சான் லூயிஸ் ஒபிஸ்போ, கால் பாலி பொமோனா போன்ற பல்கலைக்கழகங்களுக்கு மாற முயல வேண்டும், அங்கே பி.ஆர்க். என்ற ஆர்கிடெக்சர் பட்டம் ஐந்து வருடப் படிப்பு. பிறகு ஆறு பகுதித் தேசியப் பரீட்சை, கலிஃபோர்னியாவுக்கென்று தனியாக இன்னொன்று. பட்டம் இல்லாமலே பல வருட அனுபவத்தைக் காட்டி லைசென்ஸ் வாங்கும் வழியும் இந்த மாநிலத்தில் உண்டு. வயதைக் காட்டி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கடிதத்தில் வீட்டுக்கு உள்ளேதான் உங்கள் மனம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

நேரத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்று யூனிட் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்டுடியோ வகுப்பென்றால் வாரம் ஐந்தாறு மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும், வீட்டில் அதற்கு மேலும் ஆகும். சில வகுப்புகள் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். ஒன்றைத் தவறவிட்டால் அதற்கு அடுத்த வகுப்பும் ஒரு வருடம் தள்ளிப் போகும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் முடிப்பது கஷ்டம். மூன்றரை, நான்கு வருடம் என்று மனதில் வையுங்கள். உங்கள் கணவரிடம் பேச வேண்டியது காலேஜின் தகுதியை விட இதைப் பற்றித்தான்: செவ்வாய், வியாழன் சாயங்காலம் பிள்ளைகளை யார் பார்ப்பது?

வேலை விஷயத்துக்கு வருவோம். எச்-4இல் படிக்கத் தடையில்லை, வேலைக்குத்தான் அனுமதி வேண்டும். ஐ-140 அப்ரூவ் ஆனவர்களின் துணைக்கு 2015லிருந்து அந்த வழி இருக்கிறது. நீங்கள் ஏன் இன்னும் காத்திருக்கிறீர்கள்? வேலை அனுமதி இல்லாமல் அந்த 3,520 மணியில் ஒரு மணிகூட உங்கள் கணக்கில் ஏறாது. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் தானே என்று யாராவது சொன்னால், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் போகாதீர்கள். தோழியின் வீட்டை அலங்கரித்துவிட்டுக் கையில் பணம் வாங்கினாலும் அது வேலைதான். இந்த மாதமே விண்ணப்பியுங்கள்.

முதல் வேலை பெரும்பாலும் நீங்கள் கற்பனை செய்கிற மாதிரி இருக்காது. டைல்ஸ் ஷோரூம், கேபினட் கடை, ஆபீஸில் மாதிரித் துண்டுகளை அடுக்கும் அறை, மற்றவர் வடிவமைத்ததை வரைகிற மேசை. போங்கள், தயங்காதீர்கள். கேபினட் கடையில் ஆறு மாதம் இருந்தால் மூலைப் பட்டையை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வேலையில் நிறம் தேர்ந்தெடுக்கும் நேரம் கொஞ்சம். நாற்பது நாற்காலி, பன்னிரண்டு வகை விளக்கு, ஒவ்வொன்றுக்கும் மாடல் எண், விலை, வரி, வந்து சேரும் தேதி என்று பட்டியல் போட்டு அது பிசகாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாலான நாள். கலிஃபோர்னியாவில் பொருளை வாங்கி வாடிக்கையாளருக்கு விற்பதென்றால் செல்லர்ஸ் பெர்மிட் எடுத்து விற்பனை வரி கட்ட வேண்டும். அழகாக வடிவமைத்துவிட்டு இந்த இடத்தில் கவிழ்ந்த டிசைனர்களை எனக்குத் தெரியும். ஆடிட்டர் அலுவலகத்தில் மூன்று வருடம் இருந்த உங்களுக்கு அது நடக்காது. அந்த அனுபவத்தை விண்ணப்பத்தில் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

சேர்வதற்கு முன் ஒரு சனிக்கிழமை இதைச் செய்யுங்கள். 25 அடி டேப் ஒன்று வாங்கி, உங்கள் சமையலறையை அளந்து, கால் அங்குலம் ஓர் அடி என்ற கணக்கில் ஒரு தாளில் வரையுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், பிளக் பாயின்ட் எங்கே என்று எல்லாம் வரட்டும். ஒரு சுவரைத் துண்டு துண்டாக அளந்தபின், மூலைக்கு மூலை மொத்தமாகவும் ஒரு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்துவராது, அரை அங்குலம் எங்கேயோ காணாமல் போயிருக்கும். மதியச் சாப்பாட்டை மறந்து அந்த அரை அங்குலத்தைத் தேடிக்கொண்டிருந்தீர்களானால், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் செமஸ்டருக்கே பதிவு செய்துவிடுங்கள். அந்தத் தாளையும் துறைத்தலைவரைப் பார்க்கப் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.